ஓரியன் ஏன் சாம்பலாகத் தெரிந்தது? கண்புரையோடு வானம் பார்க்க விரும்பும் ஆசிரியருக்கு ஒரு கண் மருத்துவரின் பதில்

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 61 வயது ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். தம்மை அடையாளம் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயரையும் ஊரையும் தவிர்த்துவிட்டேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். 11 ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கண்ணாடியில் சிலிண்டர் பவர் 1.5 இருக்கிறது, இரண்டு கண்களிலும் ஆரம்பநிலைப் புரை இருப்பதாகச் சென்ற ஆண்டு சொல்லியிருக்கிறார்கள். ஓய்வுப் பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாயை, சிறுவயது முதல் இருந்த ஆசைக்காக, வானம் பார்ப்பதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்.

மாசி மாதத்தில் நண்பர் ஒருவரின் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியை (தரையில் வைக்கும் எளிய பெட்டித் தாங்கியில் கையால் திருப்பும் வகை) இரண்டு இரவுகளுக்கு வாங்கிவந்து களத்துமேட்டில் வைத்துப் பார்த்தாராம். படங்களில் ரோஜா நிறத்தில் விரியும் ஓரியன் நெபுலா என்ற வாயு முகில் அவருக்குச் சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரிந்தது. விண்மீன்கள் முள் முளைத்தவை போலச் சிதறித் தெரிந்தன. வியாழனின் பட்டைகளையும் நான்கு நிலவுகளையும் கண்டபோது மட்டும் ஒரு மணி நேரம் இடத்தை விட்டு எழவில்லை. சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் மைத்துனர் மகனோ, "மாமா, கண்ணால் பார்ப்பதெல்லாம் அந்தக் காலம், நல்ல கேமராவும் மோட்டார் மவுண்டும் வாங்குங்கள், கண் எப்படி இருந்தாலும் கவலையில்லை" என்கிறார். ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு விடிய விடியப் பார்த்தால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று அவர் மனைவி அஞ்சுகிறார். என் கண் இதற்கு லாயக்கற்றுப் போய்விட்டதா, பார்ப்பதால் புரை முற்றுமா, பணத்தை எதில் போடுவது என்பவை அவருடைய மூன்று கேள்விகள். ஊர்ப் பிள்ளைகளுக்கும் வானத்தைக் காட்டப் போவதாகவும், பகலில் சூரியனைக் காட்டுவதற்காகப் பழைய எக்ஸ்ரே பிலிமை இரண்டாக மடித்து எடுத்து வைத்திருப்பதாகவும் கடைசி வரியில் குறிப்பிட்டிருக்கிறார்.

மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் மூன்று கேள்விகளும் காத்திருக்கலாம். அந்தக் கடைசி வரி காத்திருக்க முடியாது.

எக்ஸ்ரே பிலிமை எடுத்து எறிந்துவிடுங்கள்

எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி, கறுப்புக் கண்ணாடி ஆகியவை வெளிச்சத்தைக் குறைப்பதால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களை அவை நம்பத்தக்க அளவில் தடுப்பதில்லை என்பதோடு, கூச்சம் குறைவதால் பிள்ளைகள் நெடுநேரம் பார்க்கவும் துணிவார்கள். விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அது வெந்துபோகும்போது பிள்ளை அழாது. சில மணி நேரம் கழித்து, பார்வையின் நட்ட நடுவில் ஒரு கரும்புள்ளி இருப்பதாகச் சொல்லும், சிலருக்கு அந்தப் புள்ளி ஆயுளுக்கும் போகாது. தொலைநோக்கி வழியாக என்றால் ஒரு நொடியே அதிகம். வெறுங்கண்ணால் பார்ப்பதற்கு ஐஎஸ்ஓ 12312-2 தரம் பெற்ற சூரியக் கண்ணாடி வேண்டும். தொலைநோக்கிக்கு, அதன் வாயை முழுமையாக மூடி இறுகப் பொருந்தும் சூரிய வடிகட்டி வேண்டும். சூரியக் கண்ணாடியை அணிந்துகொண்டு தொலைநோக்கிக்குள் பார்ப்பதும், கண் வைக்கும் ஐபீஸில் திருகும் சிறு வடிகட்டியை நம்புவதும் கூடவே கூடாது. குவிந்து வரும் வெப்பத்தில் அந்தச் சிறு கண்ணாடி வெடித்துவிடும். 2019 டிசம்பர் 26 அன்று திருச்சி, புதுக்கோட்டை வழியாகக் கங்கண கிரகணம் கடந்தபோது, அட்டையில் குண்டூசித் துளை போட்டு வெள்ளைத் தாளில் விழச் செய்தே ஒரு பள்ளி முழுவதற்கும் காட்ட முடிந்தது. 2031 மே 21 அன்று தென் தமிழகம் வழியாக இன்னொன்று வருகிறது. அதற்குள் உங்கள் ஊரில் எக்ஸ்ரே பிலிம் பழக்கம் ஒழிந்திருக்க வேண்டும்.

சாம்பல் நிறம் உங்கள் கண்ணின் குற்றம் அன்று

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ஓரியன் நெபுலா சாம்பலாகத் தெரிந்தது புரையால் என்று நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். அன்று உங்கள் பக்கத்தில் இருபது வயது மாணவன் ஒருவன் நின்று பார்த்திருந்தாலும், அவனும் சாம்பல் என்றுதான் சொல்லியிருப்பான். நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சமும், மங்கிய ஒளியை அறியும் குச்சி செல்கள் ஒன்பது கோடிக்கு மேலும் இருக்கின்றன. அந்த நெபுலாவின் ஒளி கூம்புகளை எழுப்பப் போதாது. குச்சிகளுக்கு அது போதும், ஆனால் அவற்றுக்கு நிறம் தெரியாது. அதிலும், படத்தில் நீங்கள் பார்க்கும் ரோஜா நிறம் ஹைட்ரஜன் வெளியிடும் 656 நானோமீட்டர் சிவப்பு. குச்சி செல்களோ 500 நானோமீட்டரை ஒட்டிய பச்சை நீலத்தில்தான் கூர்மையாக இருக்கின்றன, அந்தச் சிவப்புக்கு ஏறத்தாழக் குருடு. நெபுலாவிலுள்ள ஆக்சிஜன் சரியாக அந்த 500-ஐ ஒட்டி ஒளிர்வதால், பெரிய கருவியில் சிலருக்கு மெல்லிய பச்சைச் சாயல் மட்டும் தட்டுப்படும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண் ஒளியைச் சேர்த்து வைக்கும் பாத்திரம் அன்று, 0.1 முதல் 0.2 வினாடி வரை வந்ததைக் கணக்கிட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கேமரா சேர்த்து வைக்கும். 1883-இல் ஆண்ட்ரூ காமன் என்ற ஆங்கிலேயர் இதே ஓரியன் நெபுலாவை நெடுநேரம் ஒளிபட வைத்து எடுத்த புகைப்படத்தில், அதே தொலைநோக்கியில் எந்தக் கண்ணும் கண்டிராத விண்மீன்கள் பதிந்திருந்தன. எனவே படங்கள் நிறம் பூசிய பொய் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. கண்ணால் பார்ப்பது காலாவதியாகிவிட்டது என்று உங்கள் மைத்துனர் மகன் சொல்வதையும் ஏற்பதில்லை. வியாழனைப் பார்த்தபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். காற்று நடுங்கிக்கொண்டே இருந்து, நடுவில் ஒரு கணம் அசைவற்று நிற்கும்போது பட்டையின் ஓரத்தில் ஒரு நெளிவு பளிச்சென்று தெரிந்து மறைந்திருக்கும். அந்தக் கணத்துக்காகத்தான் நீங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். நம் டெல்டாவில் காற்று அசையாத, ஈரம் மிகுந்த இரவுகளில் இத்தகைய கணங்கள் நீண்டு நிற்பதை நானே பலமுறை கண்டிருக்கிறேன். கோள்களும் இங்கே தலைக்கு மேல் உயரே வருகின்றன, வட நாடுகளில் போலத் தொடுவானத்தில் தவழ்வதில்லை.

மங்கலான பொருள்களுக்கு வேறு பயிற்சி வேண்டும். இருட்டுக்குக் கண் முழுவதும் பழக 30 முதல் 40 நிமிடம் ஆகும், நம் வயதில் இன்னும் சற்றுக் கூடும். நடுவில் ஒருமுறை செல்பேசித் திரையைப் பார்த்தால் மீண்டும் தொடக்கத்திலிருந்துதான். பிறகு, பொருளை நேராக உற்றுப் பார்க்காதீர்கள், ஏனெனில் விழித்திரையின் நடுமையத்தில் குச்சி செல்களே கிடையாது. வலக்கண்ணால் பார்க்கும்போது பொருளுக்குச் சற்று வலப்புறம் நோக்கினால் அதன் பிம்பம் குச்சிகள் செறிந்த பகுதியில் விழும். இடப்புறம் நோக்கப் பழகினால் குருட்டுப் புள்ளியின் பக்கம் போய்விடும். இடக்கண்ணுக்கு இது அப்படியே மாறும். அந்த இரண்டு இரவுகளில் இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன்.

முள் முளைத்த விண்மீன்களும் வயதான கண்மணியும்

விண்மீன்கள் சிதறித் தெரிந்ததற்குப் புரையைவிட உங்கள் சிலிண்டர் பவரே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கிட்டப் பார்வை, தூரப் பார்வைக் குறைகளைத் தொலைநோக்கியின் குமிழைத் திருகியே சரிசெய்துகொள்ளலாம். சிலிண்டர் என்பது ஒளியை ஒரே புள்ளியில் குவிய விடாத குறை, அதை அப்படிச் சரிசெய்ய முடியாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்திருந்தால் இப்படித்தான் தெரியும். கண்ணாடி அணிந்தபடியே பார்க்க வசதியாக, கண்ணை 15 முதல் 20 மில்லிமீட்டர் தள்ளி வைக்க இடம் தரும் ஐபீஸைக் கேட்டு வாங்குங்கள். சோதனை எளிது: உருப்பெருக்கத்தைக் கூட்டியதும் முட்கள் மறைந்தால் அது சிலிண்டர், கண்ணாடி அணிந்தும் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, நிலவின் பக்கத்தில் வானம் பால் கலந்ததுபோல் வெளுத்தால் அது புரை.

வயதாகும்போது கண்மணி இருட்டிலும் முழுதாக விரியாது என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள், அது உண்மை. இளமையில் 7 மில்லிமீட்டர் விரிவது 60 வயதில் 5-ஐ ஒட்டி நின்றுவிடும், நாட்பட்ட சர்க்கரையில் இன்னும் குறையலாம். அதனால் பெரிய தொலைநோக்கி வீண் என்று அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் தவறு. கருவியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், வெளியே வரும் ஒளிக்கற்றையின் தடிமன் கிடைக்கும். 200 மில்லிமீட்டர் (8 அங்குலம்) விட்டமும் 1200 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் உள்ள கருவியில் 25 மில்லிமீட்டர் ஐபீஸைப் போட்டால் உருப்பெருக்கம் 48, கற்றையின் தடிமன் 4.2 மில்லிமீட்டர். அது உங்கள் கண்மணிக்குள் சிந்தாமல் சேரும். 32 மில்லிமீட்டர் ஐபீஸைத் தவிர்த்துவிட்டால் போதும். அவ்வளவுதான் வயதுக்கு நாம் கொடுக்கும் வரி.

உங்கள் இல்லத்தரசியிடம் என் சார்பில் சொல்லுங்கள்: இரவு வானைத் தொலைநோக்கியில் பார்ப்பதால் புரை வருவதும் இல்லை, முற்றுவதும் இல்லை. முழு நிலவுகூடக் கண்ணைக் கூசச் செய்யுமே தவிரக் கெடுக்காது. ஆனால் ஒற்றைக் கண்ணை இடுக்குவது தேவையற்ற களைப்பு என்பதில் அவர் சொல்வதே சரி. மற்றக் கண்ணையும் திறந்தே வைத்து, அதன்மேல் ஒரு கறுப்புத் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அறுவை செய்வதாக இருந்தால், லென்ஸைப் பற்றி முன்னதாகப் பேசுங்கள்

பணத்தை எதில் போடுவது என்ற கேள்விக்கு என் முதல் பதில், தொலைநோக்கியும் அல்ல, கேமராவும் அல்ல. மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையை முழுதாகப் பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். 11 ஆண்டுச் சர்க்கரைக்கு ஆண்டுக்கொருமுறை அது கட்டாயம். இரவுப் பார்வை மங்குவது புரையால்தான் என்று வீட்டிலிருந்தே முடிவு கட்டியவர்களில் சிலருக்கு, உள்ளே சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆரம்பப் புரைக்கு உடனே அறுவை தேவையில்லை. எப்போது செய்வது என்பதை உங்கள் அன்றாடத் தேவைதான் முடிவு செய்ய வேண்டும். சுவரில் உள்ள எழுத்துப் பலகை மட்டும் போதாது, ஏனெனில் அது வெளிச்ச அறையில் வெள்ளைமேல் கறுப்பைப் படிக்கும் திறனை அளக்கிறதே ஒழிய இருட்டில் மங்கலானதைப் பிரித்தறியும் திறனை அளப்பதில்லை. இரவில் வானம் பார்ப்பவன் நான் என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், கண்ணாடியே வேண்டாம் என்ற கவர்ச்சியோடு, அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ்களில் பலகுவிய லென்ஸ் உங்களுக்குப் பரிந்துரைக்கப்படலாம். வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு பிரித்து வேலை செய்வது அது. பலருக்கு நன்றாகவே உதவுகிறது, ஆனால் இரவில் ஒளிப்புள்ளிகளைச் சுற்றி வளையம் காட்டுவதும் நுண்வேறுபாட்டைக் குறைப்பதும் அதன் இயல்பு. உங்களுக்கு, தூரத்துக்குப் பொருத்திய ஒற்றைக் குவிய லென்ஸ்தான் நல்லது என்பது என் கருத்து. சிலிண்டர் கருவிழியில் இருப்பதாக அளவெடுப்பில் தெரிந்தால் அதையும் திருத்தும் டோரிக் வகையைக் கேட்கலாம். செய்தித்தாள் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும், அது பெரிய இழப்பில்லை. எந்த லென்ஸ், ஏன், என்ன விலை என்று அறுவைக்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. விலை கூடியது எல்லாம் உங்களுக்கு உகந்தது என்று பொருளில்லை. புரை, நீலத்தை வடிகட்டிப் பழுப்பாக்கிவிடும் தன்மை கொண்டது. ஓவியர் மோனே 1923-இல், 82 வயதில், புரை அறுவை செய்துகொண்ட பிறகு நிறங்களையே புதிதாக எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அறுவைக்குப் பின் கார்த்திகைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேமரா கேட்கும் விலை

கேமரா வழியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்த்து வைத்திருக்கும் சூரியப் படங்கள் இன்றும் ஆய்வுக்குப் பயன்படுகின்றன. எந்தக் கண்ணும் அப்படி ஒரு பதிவை விட்டுச் செல்ல முடியாது. ஆனால் கேமரா வாங்கினால் கண்ணைப் பற்றிக் கவலையில்லை என்பது அரை உண்மை. வானம் வினாடிக்கு 15 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) நகர்வதால், அதைப் பிசகாமல் பின்தொடரும் மோட்டார் தாங்கியான மவுண்ட்தான் செலவின் பெரும்பகுதி. அதன் அச்சைத் துருவ விண்மீனை நோக்கித் திருப்ப வேண்டும். உங்கள் ஊரில் துருவம் தொடுவானத்திலிருந்து 11 பாகைக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கிறது. வடக்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தால் முடிந்தது. குளிர்நாடுகளை மனத்தில் வைத்துச் செய்த சில மவுண்ட்களை இவ்வளவு தாழ்த்தினால் எடைக்கல் முக்காலியின் காலில் இடிக்கும். சித்திரை, வைகாசியின் புழுக்கத்தில் கேமராவின் உணரி சூடேறி, படத்தில் பொட்டுப்பொட்டாகத் தெரியும் இரைச்சலைக் கூட்டும். அந்த இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு படங்கள் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். மார்கழிப் பனி லென்ஸில் துளியாக இறங்கும், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், ஐப்பசி முதல் அடைமழையில் கருவி பெட்டிக்குள்தான். போதாததற்கு, எடுத்த இரவுக்குப் பிறகு பல மாலைகள் கணினியின் முன். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவுகளைக்கூட இளம் ஆசிரியர்களிடம் கொடுத்தே செய்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வாக்கியத்தையும் வியாழனைப் பற்றிய வாக்கியத்தையும் அருகருகே வைத்துப் படித்தபோது, உங்களுக்கு எது பொருந்தும் என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை.

எனவே, 8 அங்குல டாப்சோனியனும் நல்ல ஐபீஸ் இரண்டும் ஒரு 10x50 பைனாகுலரும் வாங்குங்கள். அடிப்பெட்டியையும் குழலையும் தனித்தனியாகத் தூக்குங்கள். அறுவை செய்துகொண்டால் அதன் பின் சில வாரங்கள் இரண்டையுமே தூக்கக் கூடாது. மீதிப் பணத்தை ஓராண்டு தொடாதீர்கள். அதற்குள் படம் எடுக்கும் ஆசை தானாக வளர்ந்தால், துருவத்தைத் தேடும் வேலையில்லாத, கேமராவும் மோட்டாரும் ஒன்றாகப் பொதிந்த சிறு ஸ்மார்ட் தொலைநோக்கிகள் இருக்கின்றன. புரை முற்றி அறுவை தள்ளிப்போகும் நிலை வந்தாலும் அவை கைகொடுக்கும். அதற்கு முன் மைத்துனர் மகனைத் தம் கேமராவோடு ஒரு வாரம் வந்து தங்கச் சொல்லுங்கள். நகரத்து வெளிச்சத்தில் கிடைக்காத வானம் அவருக்கும் கிடைக்கும்.

கண்ணால் மட்டும் பார்த்தால் பதிவு ஏதும் மிஞ்சாதே என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். சென்னை வான் ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தது கண்ணை நம்பித்தான். 2019 இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கி 2020 பிப்ரவரியில் மிகவும் தாழ்ந்தபோது, பக்கத்திலுள்ள ரோகிணியோடு ஒப்பிட்டு வெறுங்கண்ணாலேயே அதை மதிப்பிட முடிந்தது. அந்த மாதங்களில் திருவாதிரையின் பிரகாசத்தை நாள்தோறும் எழுதி வைத்த ஒரு நோட்டு உங்களிடம் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குக் காட்டும்போது

சனியின் வளையத்தை ஒரு பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். திரையில் பார்த்தால் படம்தானே என்று போய்விடும். நிலவுக்கு, ஐபீஸின்மேல் செல்பேசியைப் பொருத்தும் சிறு பிடிப்பான் ஒன்றை வாங்கினால், பார்வை மங்கிய பாட்டிமார்களுக்கும் காட்டலாம், பிள்ளைகள் படத்தை வீட்டுக்கும் கொண்டுபோகலாம். மெட்ராஸ் ஐ பரவும் நாள்களில் மட்டும் நிகழ்ச்சியைத் தள்ளிவையுங்கள். ஐம்பது கண்கள் ஒட்டி எடுக்கும் ஒரே ஐபீஸைவிட அந்தக் கிருமிக்கு வசதியான பாலம் வேறில்லை.

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல்கள் காய்ந்து திறந்து கிடக்கும். தெற்கே தெருவிளக்கு இல்லாத ஒரு மேட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாசியில் அகத்தியர் விண்மீன் தெற்கே நிற்கும். வைகாசியில் இரவு 9 மணி வாக்கில் ஒமேகா சென்டாரி என்ற பெரும் விண்மீன் கொத்து ஏறத்தாழ 32 பாகை உயரத்தில் இருக்கும், ஐரோப்பியர்கள் பலர் விமானம் ஏறிப் போய்ப் பார்க்கும் பொருள் அது, உங்களுக்குக் களத்துமேடு போதும். அங்கே நடந்து போகும் வழியில் மட்டும் சிவப்பு விளக்கை நம்ப வேண்டாம். கண்ணாடி விரியன் வரப்பில் கிடந்தால் சிவப்பு வெளிச்சத்தில் மண்ணோடு மண்ணாகத்தான் தெரியும். சர்க்கரைக்காரரின் காலுக்குச் சிறு கடியும் சிறு முள்ளும் சில வேளைகளில் உறைப்பதே இல்லை. போகும்போதும் வரும்போதும் வெள்ளை டார்ச்சும் கணுக்கால் மூடிய காலணியும் இருக்கட்டும். இருட்டுக்குக் கண்ணைப் பழக்கும் அரை மணி நேரத்தை, தொலைநோக்கியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகு எண்ணத் தொடங்குங்கள்.